இருபதாவது சுற்றின் விலை

2,29,517 யூரோ. 2022 ஆகஸ்டில் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் வெளிவந்தபோது ஜெர்மனியில் அதற்கு வைத்த விலை. வரி சேர்த்து; கூடுதல் சாமான் எதுவும் சேர்க்காமல். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஒன்றே முக்கால் கோடிக்கு மேல். இறக்குமதி வரியெல்லாம் கட்டி இந்தியாவில் வந்து இறங்கியபோது மூன்று கோடியைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்கப் போனால், கிடைக்காதவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. பின் சீட் இல்லை. எஞ்சின் பின்னால் இருப்பதால் 911க்கு முன்பக்கம்தான் டிக்கி. இந்தக் காரில் அதுவும் இல்லை. உச்ச வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர். இதன் விலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய, அதே குடும்பத்துக் கரேரா எஸ் 308 வரை போகும். ஏறத்தாழ இதே விலைக்குக் கிடைத்த 911 டர்போ எஸ், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 2.7 விநாடி எடுத்துக்கொள்கிறது, ஆர்எஸ்ஸுக்கு 3.2 விநாடி வேண்டும். டர்போ எஸ்ஸில் பின்னால் குழந்தைகளை உட்கார வைக்கலாம், முன்னால் பெட்டி வைக்கலாம், காது வலிக்காமல் ஊர் போய்ச் சேரலாம்.

ஆக, நிறையக் கொடுத்து, குறைவாகப் பெற்று, நேர்ச்சாலையில் பின்தங்கவும் செய்கிற ஒரு கார். ஆனாலும் இதற்கு வரிசை நின்றது. கையில் பணம் இருந்தும் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஏராளம். கார் பித்துப் பிடித்த நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் ‘இதெல்லாம் கொடுத்த காசுக்குத் தகுமா?’ என்ற சண்டை வராமல் போகாது. என் கட்சியை எழுதியே வைத்துவிடுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்தக் காரை வாங்கும் வசதி எனக்கு இல்லை, ஓட்டிப் பார்த்ததும் இல்லை. அதனால் ஸ்டீயரிங் கைக்குள் எப்படிப் பேசியது, எஞ்சின் எப்படிப் பாடியது என்றெல்லாம் அளக்கப் போவதில்லை. கணக்கு மட்டும் பார்க்கலாம்.

ரேஸுக்காகச் சாலைக்கு வந்த கார்

1972 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் போர்ஷே ஒரு காரை வைத்தது: 911 கரேரா ஆர்எஸ் 2.7. ரேஸில் ஒரு குறிப்பிட்ட பிரிவில் ஓட வேண்டுமானால், அந்தக் காரைப் பொதுமக்களுக்கு விற்பதற்காக 500 எண்ணிக்கையாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ரேஸ் பிரிவுக்குக் கார் வேண்டும். அதனால் சாலைக்கும் கார் செய்தாக வேண்டும். பின் சீட்டை எடுத்தார்கள், கம்பளத்தை எடுத்தார்கள், தகட்டையும் கண்ணாடியையும் மெல்லியதாக்கினார்கள். எடை 960 கிலோவுக்கு இறங்கியது. எஞ்சின் மூடியின் மேல் வாத்து வால் மாதிரி ஒரு தூக்கல் வைத்தார்கள். அது அழகுக்கு வைத்தது இல்லை, வேகத்தில் காரின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க. 34,000 மார்க் விலைக்கு இந்த 500 காரும் விற்குமா என்று கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்கே சந்தேகம். கடைசியில் 1,580 கார் விற்றது.

1999ல் ஜிடி3 வந்ததும் அதே வழியில்தான். 360 குதிரைத்திறன். இரண்டு முறை உலக ராலி சாம்பியனான வால்டர் ரோல் அதை நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றில் 7 நிமிடம் 56 விநாடியில் ஓட்டிக் காட்டினார். 1927ல் மேற்கு ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டுக்குள் கட்டிய அந்தப் பாதை ஒரு சுற்றுக்கு 20.8 கிலோமீட்டர். ஏற்றம், இறக்கம், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாத வளைவு என்று எல்லாம் அதில் உண்டு. வேகமான கார்கள் எல்லாம் தேர்வு எழுதப் போகும் இடமாக அது ஆகிவிட்டது.

இந்தப் பரம்பரையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வகைக் காரின் விலைக்குப் பின்னால் ஒரு காலத்தில் தெளிவான காரணம் இருந்தது. ரேஸ் ஓட அது நுழைவுச் சீட்டு. இப்போது ஓட்டம் எதிர்த் திசையில்: ரேஸில் கண்டுபிடித்ததைச் சாலைக்காரில் போட்டு விற்கிறார்கள். அப்படியானால் போட்டதற்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வாங்குகிறவனுக்கு உரிமை உண்டு.

பணம் எங்கே போயிருக்கிறது

டிக்கியில் இருந்து தொடங்குகிறேன். சாதாரண 911இல் முன்பக்கம் மூன்று ரேடியேட்டர்கள் பிரிந்து உட்கார்ந்திருக்கும். ஆர்எஸ்ஸில் அவற்றை எடுத்துவிட்டு, ஒரே ஒரு பெரிய ரேடியேட்டரைச் சாய்த்து டிக்கி இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். போர்ஷேயின் ரேஸ் கார்களில் இருக்கும் ஏற்பாடு இது. இதனால் இரண்டு ஓரங்களிலும் காலி இடம் கிடைத்தது. அந்த இடத்தில் ஓட்டத்துக்கு ஏற்றபடி தானே அசையும் தகடுகளை வைத்து, காரின் மூக்கைத் தரையோடு அழுத்த வழி செய்தார்கள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று பானெட்டில் இருக்கும் இரண்டு பெரிய துவாரங்கள் வழியே மேலே வருகிறது. அது அப்படியே கூரை மேல் ஓடிப் பின்னால் எஞ்சினுக்குள் புகுந்தால் எஞ்சின் சூடான காற்றைக் குடித்துச் சோர்ந்துபோகும். அதனால் கூரையில் சிறு சிறு துடுப்புகள் வைத்து, சூட்டுக் காற்றை இரு பக்கமும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு ரேடியேட்டரை நகர்த்தியதற்கு இத்தனை தொடர் வேலை.

அடுத்து, எல்லோரும் கேலி செய்யும் அந்தப் பின் இறக்கை. அதன் மேல் விளிம்பு காரின் கூரையைவிட உயரம். நேர்ச்சாலையில் காற்றுத் தடை குறைய வேண்டுமென்றால் அதன் மேல்தகடு படுத்துக்கொள்ளும். ஃபார்முலா 1 பார்ப்பவர்களுக்கு டிஆர்எஸ் என்று சொன்னால் புரியும். போர்ஷேயின் சாலைக்காரில் அது வந்தது இதுதான் முதல் தடவை. அதிவேகத்தில் ஓங்கி பிரேக் அடித்தால் அதே தகடுகள் நிமிர்ந்து நின்று காற்றைத் தடுத்து, பிரேக்குக்குத் துணை செய்யும்.

இதெல்லாம் சேர்ந்து மணிக்கு 200 கிலோமீட்டரில் 409 கிலோ அளவுக்குக் காரைத் தரையோடு அழுத்துகிறது. 285இல் 860 கிலோ. காரின் எடையே 1,450 கிலோதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டயருக்கு 860 கிலோ பாரம் ஏற்றிய பிடிமானம் கிடைக்கிறது. ஆனால் வளைவில் திருப்பும்போது அந்த 860 கிலோவைக் கார் சுமக்க வேண்டியதில்லை. முந்தைய தலைமுறை ஆர்எஸ்ஸைவிட இது இரண்டு மடங்கு, அதே காலத்துச் சாதாரண ஜிடி3யைவிட மூன்று மடங்கு.

முன் சஸ்பென்ஷனின் கைகளைக்கூட நீர்த்துளி வடிவத்தில் செய்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத அந்தக் கம்பிகள் உச்ச வேகத்தில் சுமார் 40 கிலோ அழுத்தம் சேர்க்கின்றன. ஸ்டீயரிங்கில் நான்கு திருகுகள். சஸ்பென்ஷன் அமுங்கும் விறைப்பையும் எழும் விறைப்பையும், முன்னுக்கு வேறு பின்னுக்கு வேறு என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். பின் சக்கரங்களுக்கு இடையே சக்தி பிரியும் விதத்தையும் மாற்றலாம். ரேஸ் அணியில் மெக்கானிக் ஸ்பேனரோடு குனிந்து செய்கிற வேலை.

இதையெல்லாம் பார்த்த பிறகு, ஸ்டிக்கர் ஒட்டி விலை ஏற்றிவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை நடந்திருக்கிறது. ஆனால் அதற்கு மேல் வைஸாக் பேக்கேஜ் என்று ஒன்று விற்றார்களே, அங்கேதான் எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. கார் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்கு மட்டும் 33,520 டாலர். பானெட், கூரை, ஸ்டெபிலைசர் கம்பிகள் என்று பல பாகங்கள் கார்பன் ஃபைபரில் வரும். உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கூண்டு எஃகுக்குப் பதில் கார்பனில் வருவதால் மிச்சமாவது சுமார் 6 கிலோ. கோடி ரூபாய்க் கார் வாங்குகிறவர் வயிற்றில் இருந்தே அந்த ஆறு கிலோவை இலவசமாக எடுக்கலாம்.

விநாடிக்கு 5,500 யூரோ

சரி, இவ்வளவு செய்து என்ன கிடைத்தது? ரேஸ் ஓட்டுநர் யோர்க் பெர்க்மைஸ்டர் 2022 அக்டோபரில் ஆர்எஸ்ஸை நூர்பர்க்ரிங்கில் ஓட்டினார். 20.832 கிலோமீட்டர் முழுச் சுற்றுக்கு 6 நிமிடம் 49.328 விநாடி. ரோல் ஓட்டிய முதல் ஜிடி3யைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் குறைவு. அதே பாதையில் அதே காலத்துச் சாதாரண ஜிடி3 எடுத்தது 6 நிமிடம் 59.927 விநாடி. வித்தியாசம் 10.6 விநாடி.

சாதாரண ஜிடி3 2021ல் வந்தபோது 1,70,969 யூரோ. விலை வித்தியாசம் 58,548 யூரோ. வகுத்துப் பார்த்தால், குறைத்த ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 5,500 யூரோ. இரண்டு எஞ்சினுக்கும் சக்தியில் பெரிய வேறுபாடு கிடையாது: ஒன்று 510 குதிரைத்திறன், இன்னொன்று 525. அந்தப் பத்து விநாடியில் பெரும்பகுதி காற்றுக்குச் செய்த வேலையின் பலன்.

அந்த வேலையின் மதிப்பு எனக்கு உறைத்தது 2025 கோடையில். செவ்ரோலே கார்வெட் இசட்ஆர்1எக்ஸ் அதே பாதையில் 6 நிமிடம் 49.275 விநாடியில் ஓடியது. ஆர்எஸ்ஸைவிட ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு வேகம். கார்வெட்டின் சக்தி 1,250 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம், கூடவே மின் மோட்டார். பாதிக்கும் குறைவான சக்தியோடு, பின் சக்கரத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன்பே ஆர்எஸ் அந்த நேரத்தைப் போட்டுவிட்டது. இன்னொரு பக்கம், அந்தக் கார்வெட்டுக்கு அமெரிக்காவில் வைத்த விலை ஆர்எஸ்ஸின் விலையைவிடக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. சுற்று நேரத்தை மட்டும் விலை பேசுகிறவர்களுக்குப் போர்ஷேதான் ஒரே கடை என்ற காலம் போய்விட்டது.

இதில் பொடி எழுத்தில் ஒன்று இருக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். 200இல் 409 கிலோ என்றால் 100இல் அதில் கால்வாசி, நூறு கிலோ சொச்சம். 60இல் 37 கிலோ. ஊருக்குள் போகும்போது அந்த ராட்சத இறக்கை செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அது வேலை செய்ய ஆரம்பிக்கும் வேகத்தில் பொதுச் சாலையில் வளைவு திரும்பினால் போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் எமன் பிடிப்பான். ஜெர்மனியில் வேக வரம்பில்லாத ஆட்டோபான் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது நேர்ச்சாலை. அங்கே இந்தக் காரை மிரட்டிக்கொண்டு கரேரா எஸ் கடந்து போகும்.

விற்பது வேகம் இல்லை

என் முக்கியமான வாதம் இங்கேதான். இந்த மாதிரிக் கார்களை ‘எவ்வளவு வேகம்’ என்று அளப்பதே தப்பான அளவுகோல். வேகம் இன்று மலிந்துவிட்டது. மின்சாரக் குடும்பக் கார்களே மூன்று விநாடியில் நூறைத் தொடுகின்றன. ஆர்எஸ் விற்பது, ஒரு சுற்று ஓடியதை அப்படியே இருபது சுற்றும் ஓடும் தாங்குதிறன்.

வேகமான சாதாரணக் கார் ஒன்றை டிராக்கில் விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதல் இரண்டு சுற்று அபாரமாக இருக்கும். மூன்றாவதில் பிரேக் சூடேறும். பிரேக் திரவத்தில் காலப்போக்கில் ஈரம் சேர்ந்திருக்கும். அது கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழி. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். அதனால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், கார் நிற்காது. நீண்ட வளைவுகளில் எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். வெப்பம் ஏற ஏற கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைக்கும். ஐந்தாவது சுற்றில் ஓட்டுபவர் குளிர வைக்கும் சுற்று ஓடிக்கொண்டிருப்பார்.

ஜிடி3 வகையில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்பதில்லை. தனித் தொட்டியில் இருக்கும். பல பம்புகள் சேர்ந்து அதை உறிஞ்சி, திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை போகும் 4 லிட்டர் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் பாகங்கள் ரேஸ் எஞ்சினைப் போலக் கெட்டியானவை. ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் மென்மையான ஏற்பாடு இல்லை. முன் பிரேக் வட்டுகளின் விட்டம் 408 மில்லிமீட்டர். அந்த ஒற்றை ரேடியேட்டருக்கு டிக்கியைப் பலி கொடுத்ததும் காற்றுக்கும் குளிர்ச்சிக்கும் சேர்த்துத்தான். நூர்பர்க்ரிங் அட்டவணையில் ஒரே ஒரு சுற்றின் நேரம்தான் இருக்கும். இந்தக் காரின் உண்மையான சரக்கு அந்த அட்டவணையில் ஏறுவதே இல்லை.

அப்படியானால் இது எஃகுக் கோட்டையா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2013ல் வந்த ஜிடி3யில் கனெக்டிங் ராடைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து, எஞ்சின் உடைந்து, இரண்டு கார்கள் தீப்பிடித்தன. 2014 தொடக்கத்தில் போர்ஷே, அந்தத் தயாரிப்பில் வந்த 785 கார்களையும் ஓட்டாதீர்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னது. பிறகு 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. எட்டாத எல்லைக்கு எஞ்சினைத் தள்ளுகிறவர்களுக்கு இப்படியும் நடக்கும். பொறுப்பேற்று மாற்றிக் கொடுத்ததன் செலவும் அடுத்தடுத்த கார்களின் விலையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதோடு முடியாத செலவு

ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கு சட்டென்று புரியும். வாடிவாசலில் மாடு நிற்பது சில விநாடி. மிச்ச வருஷம் முழுக்கத் தீனியும் பயிற்சியும் செலவும். அந்தச் சில விநாடிக்கு அவிழ்த்துவிடாமல் கட்டியே வைத்திருந்தால், செலவு மட்டும் மிஞ்சும்.

ஆர்எஸ்ஸுக்கும் தீனிச் செலவு பெரியது. பின் டயரின் அகலம் 335 மில்லிமீட்டர். டிராக்குக்கென்று செய்த மிருதுவான ரப்பர். நன்றாக ஓட்டினால் சில டிராக் நாட்களில் தேய்ந்துபோகும். பீங்கான் பிரேக் வட்டுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பலர், டிராக்கில் தேய்ந்தால் மாற்றும் செலவுக்குப் பயந்து சாதா இரும்பு வட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நட்டு. அதை முடுக்க 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும்; தெருமுனை பஞ்சர் கடையில் காரியம் நடக்காது.

நூர்பர்க்ரிங்கில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் சுற்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். கேட்க மலிவுதான். ஆனால் தடுப்புக் கம்பியில் இடித்தால் அந்தக் கம்பியைச் சரிசெய்யும் செலவும் உங்கள் தலையில். பல காப்பீட்டு நிறுவனங்கள் டிராக்கில் நேர்ந்த சேதத்தை ஏற்பதில்லை. ஆகவே இரண்டே கால் லட்சம் யூரோ காரில் வளைவுக்குள் நுழையும்போது, உங்கள் சொந்தப் பணம் முழுவதும் உங்கள் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. இந்த நினைப்போடு எத்தனை பேரால் பெர்க்மைஸ்டர் ஓட்டிய வேகத்தில் பாதி நம்பிக்கையோடாவது ஓட்ட முடியும்? கார் பத்து விநாடி வேகம் கொடுத்தாலும், பயம் முப்பது விநாடியைப் பிடுங்கிக்கொள்ளும்.

விலை குறையாது என்ற வாதம்

இதைக் கேட்டதும் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: ‘அட, இது செலவே இல்லை சார், முதலீடு. வாங்கிய விலைக்கு மேலேயே விற்கலாம்.’

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2016ல் போர்ஷே 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தது. கையால் கியர் மாற்றும் கார், பெரிய இறக்கை இல்லாதது. அமெரிக்காவில் 1,84,900 டாலருக்கு விற்றது, சீக்கிரமே இரண்டு மூன்று மடங்கு விலைக்குக் கைமாற ஆரம்பித்தது. ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கும் அமெரிக்க டீலர்கள் பலர் பட்டியல் விலைக்கு மேல் பெருந்தொகை கேட்டார்கள். ஏற்கெனவே எத்தனை போர்ஷே வாங்கினீர்கள் என்று பார்த்துத்தான் ஒதுக்கீடே. இப்படி ஏறியதில் பொறியாளர்களின் உழைப்பு ஒரு டாலர்கூட இல்லை. தட்டுப்பாட்டின் விலை அது.

ஆனால் அந்த விலை நிலைத்து நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2017ல் அதே குணங்கள் கொண்ட ஜிடி3 டூரிங்கைப் போர்ஷே எண்ணிக்கை வரம்பு இல்லாமல் விற்க ஆரம்பித்ததும் 911 ஆரின் வெறி தணிந்தது.

அதைவிடப் பெரிய முரண் வேறு. விலை குறையாமல் இருக்க வேண்டுமானால் கிலோமீட்டர் ஏறக் கூடாது. பெயின்டில் கல் பட்ட தடம் இருக்கக் கூடாது. டிராக் பக்கமே போகக் கூடாது. காருக்குள் போட்ட அத்தனை வேலையும் பலன் தர வேண்டுமானால் டிராக்குக்குப் போயே ஆக வேண்டும். முதலீட்டாளருக்கும் ஓட்டுநருக்கும் ஒரே கார் ஒரே நேரத்தில் லாபம் தராது. தூசி படாத கொட்டகையில் 400 கிலோமீட்டரோடு நிற்கும் ஆர்எஸ் நல்ல சேமிப்பாக இருக்கலாம். அதற்கு நீர்த்துளி வடிவ சஸ்பென்ஷன் கை எதற்கு? தங்கக் கட்டி வாங்கியிருக்கலாம், இடமும் குறைவாகப் பிடிக்கும்.

வேறு வழிகள்

டிராக்கில் ஓட்டுவதுதான் ஆசை என்றால் இதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ரேஸ் காரையே வாங்கலாமே என்றால், 911 ஜிடி3 கப் அறிமுகமானபோது 2,25,000 யூரோ, வரி தனி. ஜெர்மனியின் 19 சதவீத வரியைச் சேர்த்தால் ஆர்எஸ்ஸைவிட விலை அதிகம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்து, நம் ஊரில் வாட்ஸ்அப் முழுக்கக் கொடியும் கையுமாக அவர் படம் சுற்றியதே, அந்த அணி ஓட்டியது இந்தக் கப் கார்தான். அதைச் சாலையில் ஓட்ட முடியாது. டிராக்குக்குக் கொண்டுபோக லாரி வேண்டும், கூடவே மெக்கானிக் வேண்டும், எஞ்சினுக்கு ஓடிய மணிக்கணக்கை வைத்துச் சர்வீஸ். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால், வீட்டு வாசலில் இருந்து தானே ஓடிப்போய், நாள் முழுக்க டிராக்கில் சுற்றி, தானே வீடு திரும்பும் ஆர்எஸ் மலிவு என்றே சொல்லத் தோன்றும்.

கீழ்ப்பக்கம் பார்த்தால் அதே போர்ஷேயின் கேமன் ஜிடி4 ஆர்எஸ் இருந்தது. 2021ல் ஜெர்மனியில் 1,41,338 யூரோ. 500 குதிரைத்திறன், எஞ்சின் நடுவில். நூர்பர்க்ரிங் முழுச் சுற்று 7 நிமிடம் 9.3 விநாடி. பெரியண்ணனைவிட 20 விநாடி அதிகம், 88,000 யூரோ மிச்சம். அந்த மிச்சத்தில் எத்தனை செட் டயர், எத்தனை டிராக் நாள், எத்தனை நாள் பயிற்சியாளர் பக்கத்தில் உட்காருவார் என்று கணக்குப் போட்டால், மூன்று வருஷ முடிவில் கேமன்காரர் ஆர்எஸ்காரரை முந்திப் போவார் என்பேன்.

இன்னும் கீழே போனால் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிராக் ஓட்டம் பழகுகிறவர்கள் பலருக்கு முதல் கார் அதுதான். எடை குறைவு, டயர் மலிவு, தப்பு செய்தால் மெதுவாகத்தான் தண்டிக்கும். எந்தப் புள்ளியில் பிரேக் அடிப்பது, எந்தக் கோட்டில் வளைவது என்பதை 525 குதிரைத்திறனில் கற்றுக்கொள்ள முடியாது. கார் உங்கள் தப்பையெல்லாம் தன் பிடிமானத்தால் மூடி மறைத்துவிடும். நம் ஊரில் ஆசை உள்ளவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் டிராக் இருக்கிறது. அங்கே ஃபார்முலா பயிற்சிக் காரில் உட்கார்ந்து இறங்கினாலே, நம் கைக்கும் காலுக்கும் எவ்வளவு தெரியும் என்பது தெரிந்துவிடும்.

தீர்ப்பு

விலையை மூன்றாகப் பிரித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பொறியியலுக்குக் கொடுப்பது ஒன்று. தட்டுப்பாட்டுக்குக் கொடுப்பது ஒன்று. பெயருக்குக் கொடுப்பது ஒன்று.

முதலாவது தகும். ரேஸ் காரில் இருக்கும் ஏற்பாடுகளை நம்பர் பிளேட்டோடு, பொதுச் சாலை விதிகளுக்கு அடங்க, சாவியைத் திருப்பினால் ஓடும்படி கொடுப்பதற்கு 2,29,517 யூரோ அதிகமில்லை. இரண்டாவது, டீலர் பட்டியலுக்கு மேல் கேட்கும் தொகை, தகாது. அது காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாது. மூன்றாவது அவரவர் பெருமை. அதற்கு நான் விலை சொல்ல முடியாது.

இதற்குள் விலையும் நகர்ந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த புதிய சாதாரண ஜிடி3க்கே ஜெர்மனியில் 2,09,000 யூரோ. மூன்றரை வருஷத்தில் ஏற்றம் 38,000. முன்பு ஆர்எஸ்ஸுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியை இப்போது சாதாரண ஜிடி3க்கே கொடுக்க வேண்டும். அதனால் இனி வரும் ஆர்எஸ்ஸுக்கு மேலே சொன்ன தீர்ப்பு அப்படியே பொருந்தாது. விலைப்பட்டியல் கைக்கு வந்ததும் அந்த ‘விநாடிக்கு எத்தனை யூரோ’ கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

யாருக்குத் தகும் என்று கேட்டால் என் பதில் இது. வருஷத்துக்கு எட்டுப் பத்து நாளாவது டிராக்குக்குப் போகிறவர், சின்னக் காரில் ஓட்டிப் பழகி அதன் எல்லையை ஏற்கெனவே தொட்டவர், கார் இடித்தால் அன்று இரவு தூங்க முடிகிறவர்: இந்த மூன்றும் பொருந்தினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இரண்டு பொருந்தினால் சாதாரண ஜிடி3யோ கேமன் ஜிடி4 ஆர்எஸ்ஸோ போதும். ஒன்றுகூடப் பொருந்தாமல் பணம் மட்டும் இருந்தால் டர்போ எஸ் வாங்குங்கள். அது மழையிலும் ஓடும், பெட்டியும் ஏறும், ஆட்டோபானில் ஆர்எஸ்ஸை முந்தியும் போகும்.